நான் குடிக்காத ரெண்டு கட்டு பீடி

வெட்கமும் ஒரு வியாதிதான். எந்த டாக்டரும் அதற்குச் சீட்டு எழுதித் தருவதில்லை. தந்திருந்தால், பீடி குடிப்பவள் என்று மைசூரில் ஓர் ஆஸ்பத்திரி நோட்டில் என் பெயர் ஏறியிருக்காது. (சத்தியமாக ஒரு இழுப்புகூட இழுத்ததில்லை.)

குடிப்பவர் என் வீட்டுக்காரர். காலுக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்து, ஒரு விரல் கறுத்துவிட்டது. "பீடியை விடலேன்னா காலையே எடுக்கணும்" என்ற டாக்டர், பீடியைக் குறைக்க வழி சொல்லும் அறைக்கு அனுப்பினார். இவர் வாசல்வரை வந்து, "நீ போயிக் கேட்டுட்டு வா புள்ள, நான் டீ குடிச்சுப்போட்டு வாரேன்" என்று சீட்டோடு நழுவிவிட்டார்.

உள்ளே ஆறு ஆண்கள். நர்ஸம்மா நோட்டைத் திறந்து, "ஹெசரு ஹேளி அஜ்ஜி" என்று கன்னடத்தில் பெயரைக் கேட்டார்.

நோயாளியின் பெயரைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். எங்கள் மார்டள்ளிப் பக்கம், புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். ரேஷன் கடையில்கூட மகள்தான் சொல்வாள். அதனால் என் பெயரைச் சொல்லிவைத்தேன்.

"செல்லம்மாங்க."

"தினமும் எத்தனை பீடி?"

"ரெண்டு கட்டுங்க."

நர்ஸம்மாவின் பேனா நின்றது. "காலைல முதல் பீடி எப்ப?"

"எந்திரிக்கறதுக்கு முன்னாலயேங்க. பாயிலயே."

பக்கத்திலிருந்த பெரியவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, நானே ஒரு கட்டுதான்!"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. "நான் இல்லைங்க" என்று சொல்ல மூன்றாம் வகுப்புப் படிப்பே போதும். ஆனால் வெட்கம் விட்டால்தானே? எல்லோரோடும் எழுந்து நின்று, "இன்னைக்கிருந்து பாதியாக் குறைக்கறேன்" என்று உறுதிகூடச் சொன்னேன். பிறகு ஒரு மிஷினில் ஊதச் சொன்னார்கள். ஊதினேன். விளக்கு எரிந்தது!

"நோடி அஜ்ஜி, உள்ள புகை இருக்கு" என்று விளக்கைக் காட்டினார் நர்ஸம்மா.

யார் புகை அது? ஒற்றை அறை வீட்டில் நாற்பது வருஷமாக அவர் விட்ட புகை! என் வெட்கம் அந்த நிமிஷம் எங்கே போனதோ, நான் விறுவிறுவென்று வெளியே வந்தேன். எதிர் டீக்கடை பெஞ்சில் கறுத்த விரலை நீட்டிக்கொண்டு, இவர் புதுப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"யோவ் மாதையா!"

ரோடே திரும்பிப் பார்த்தது.

"உன் புகைய நான் ஊதிக் காட்டிட்டு வாரேன். காலு உன்னுதுதான? எந்திரிச்சு உள்ள வா!"

பீடி கீழே விழுந்தது. பின்னாலேயே வந்தார்.

இரண்டு கட்டு ஒன்றாகி, பாதியாகி, முக்கி முனகி ஒரு வருஷத்தில் நின்றது. விரல் போனது, கால் தப்பியது. இப்போதும் அவர் பெட்டிக்கடைப் பக்கம் கண்ணை ஓட்டினால், "அம்மா, பேரைச் சொல்லும்மா!" என்பாள் மகள். வீடே சிரிக்கும்.

ஊரிலிருந்து வந்த நாத்தனாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "பேரைச் சொல்றீங்களே அண்ணி, அண்ணன் ஆயுசு என்னாகறது?"

"நாப்பது வருசம் சொல்லாம இருந்து பாத்தாச்சு. ஒரு வெரலு போச்சு" என்றேன். "இனிச் சொல்லித்தான் பாக்கறேன். மாதையா, செருப்பைப் போடுங்க, நடக்கப் போலாம்!"