உரையாசிரியர் வைத்த மூன்று புள்ளி

ராஜகிரிக் கோட்டை உச்சிக்கு ஒரே மூச்சில் ஏறியவர்கள் செஞ்சியில் உண்டு. எங்கள் உரையாசிரியர் எழுதிய புரோகிராமை ஒரே மூச்சில் படித்தவர் உலகத்திலேயே கிடையாது.

உரக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் ஆபீசில் அவரும் நானும்தான். இரண்டு வரி புரோகிராம் எழுதினால், அது ஏன் பிறந்தது என்று இரண்டு பக்கம் விளக்கம் எழுதுவார். அதனால்தான் அந்தப் பெயர்.

"புரோகிராம் மெஷினுக்கு இல்லம்மா, மனுசன் படிக்கிறதுக்கு."

"எந்த மனுசன் சார்?" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

விளக்கத்தையும் புரோகிராமையும் கலந்து எழுத அவரிடம் ஒரு கருவி இருந்தது. ஒரு துண்டு எழுதி அதற்குப் பெயர் வைத்துவிட்டால், பிறகு அந்தப் பெயரை எங்கே போட்டாலும் முழுத் துண்டும் அங்கே வந்து உட்காரும். பெயரையும் அவர் சுருக்கமாக வைத்தாரா என்ன? 'மழை வந்து மூட்டை நனைந்துபோனால்' என்று ஒரு துண்டு. அதை முழுதாக அடிக்க அவருக்கே அலுப்பு. முதல் வார்த்தையைப் போட்டு மூன்று புள்ளி வைப்பார், மீதியைக் கருவி பார்த்துக்கொள்ளும்.

எங்களுக்குச் சோறு போட்டது ஒரு வேர்க்கடலை மண்டி. மூட்டை எடை போட்டதும் விவசாயி போனுக்கு மெசேஜ் போகவேண்டும், அடியில் முதலாளி பெயர் வரவேண்டும். அந்த முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஒரு தப்பு வந்துச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்று முன்பே சொல்லிவிட்டார். அவர் போனால் ஆபீசுக்குப் பூட்டுதான்.

மெசேஜ் அனுப்பத் தொடங்கிய முதல் நாள், அதன் அடியில் உரையாசிரியர் 'முதலாளி' என்று அடித்து மூன்று புள்ளி வைத்தார். 'முதலாளி பெயர்' என்று ஒரு துண்டு இருந்தது. 'முதலாளி திட்டினால்' என்றும் ஒன்று இருந்தது. நேரில் நாக்கு எழாத மனிதர், பதிலை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார். கருவி அதைத்தான் எடுத்துப் போட்டது.

சிங்கவரம், தளவானூர் என்று ஊர் ஊராக மெசேஜ் போனது: 'உங்கள் மூட்டைகள் எடை போடப்பட்டன. தப்பு முழுக்க என்னுடையது. தயவுசெய்து கனகாவைத் திட்டாதீர்கள்.'

கனகா நான்தான்.

அரை மணியில் மண்டி வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை.

"எடையில இன்னா தப்பு பண்ணீங்க?" என்றார் ஒருவர்.

"அத்த வுடுய்யா, யாரு கனகா?" என்றார் இன்னொருவர். முதலாளியின் மனைவிக்கும் அதே சந்தேகம்.

அத்தனை மூட்டையையும் எல்லார் கண்ணெதிரே மறுபடி எடை போட்டார்கள். குண்டுமணி பிசகவில்லை. அதற்குப் பிறகு முதலாளி எங்கள் மாடிப்படி ஏறினார்.

"யாரு வேலை இது?"

மூன்று புள்ளியால் வந்த வினை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உரையாசிரியர் எழுந்தார். "தப்பு முழுக்க என்னுது. தயவுசெஞ்சு கனகாவ..."

"யோவ், அது ஊருக்கே தெரியும்! எடை சரியா இருந்துது, பொழச்சே. இனிமே புள்ளி கிள்ளி வெச்சே, தொலைச்சிருவேன்!"

அவர் இறங்கிப் போனதும் கேட்டேன். "நான்தான் ஒரு தப்பும் பண்ணலையே சார், எதுக்கு எனக்காக எழுதி வெச்சீங்க?"

"பண்ணுவே இல்ல?" என்றார் சாதாரணமாக.

பண்ணினேன், நிறையவே. அவர் அங்கே இருந்தவரை ஒரு திட்டுகூட என் மேஜைவரை வந்து சேரவில்லை.