தும்மல் கொடுத்த பிணை

என்னை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கள்ளன் என்று பிடித்திருக்கிறார்கள். பிடிபட்ட நேரத்தில் என் மேலில் சேட்டு இல்லை, வெறும் மேல், கையில் அந்த வீட்டு மணிக்கூடு இருந்தது, கலியாணமாகி அன்று ஐந்தாவது நாள். இவ்வளவையும் சொன்னதும் கேட்பவர்கள் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். ஆகவே முழுவதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான் பிறந்தது வயல் சூழ்ந்த வரிப்பத்தான்சேனையில். எங்கள் பகுதி வழக்கப்படி கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நான் போன வீடு கல்முனையில், கடற்கரைப் பக்கமாகப் போகும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. வயலில் கண்ணைக் கட்டிவிட்டாலும் எங்கள் வரம்பில் போய் நிற்பேன். கல்முனையில் கண்ணைத் திறந்துகொண்டே தொலையலாம் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் கிடுகு வேலி, ஒரே மாதிரித் தகரப் படலை, படலைக்குப் பக்கத்தில் கட்டாயம் ஒரு முருங்கை மரம்.

அந்த ஒழுங்கையில் மூன்று நாலு மாதமாக வெள்ளிக்கிழமை பகலில் களவு போய்க்கொண்டிருந்தது. ஆண்கள் ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து ஒருவன் வந்து ஒரு வீட்டில் றேடியோ, இன்னொரு வீட்டில் செப்புக்குடம், கொடியில் காய்ந்த சாரம் என்று கிடைத்ததை எடுத்துப் போனான். அவனுக்கு ஜும்ஆக் கள்ளன் என்று பெயரும் வைத்தாயிற்று. பெண்கள் கூடி ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். யாராவது “கள்ளன்” என்று கூப்பிட்டால் வயதில் மூத்தவர்கள் உலக்கையோடு ஓடிவர வேண்டும், இளம் பெண்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். இதை எனக்கு விளக்கியவள் என் மனைவி ஜெசீமா.

“இனி என்ன பயம், நான் இரிக்கன்தானே,” என்றேன்.

கலியாணத்துக்குப் பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை ஜெசீமாவின் வாப்பாவுக்கு, அதாவது என் மாமாவுக்கு, தடிமனும் காய்ச்சலும். புது மாப்பிள்ளையைத் தனியே அனுப்ப அவருக்கு மனமில்லை.

“ஆரையும் கூட்டிட்டுப் போங்க மருமகன்,” என்றார் போர்வைக்குள்ளிருந்து.

“என்னத்துக்கு மாமா, நான் சின்னப் புள்ளயா?”

பள்ளியில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கூச்சம் தாங்காமல், தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் பிந்தித் தொழும் சுன்னத்துத் தொழுகையை வீட்டில் தொழலாம் என்று நழுவிவிட்டேன். (அந்த அவசரத்துக்குத்தான் அல்லாஹ் கைமேல் கொடுத்தான் என்பது மாமாவின் முடிவு.) ஆகவே அந்த நேரத்தில் ஒழுங்கையில் நடந்த ஒரே ஆண்பிள்ளை நான்தான்.

முருங்கை மரம் நின்ற படலையைத் திறந்தேன். கிணற்றடியில் கால் கழுவினேன். ஒருவரையும் காணவில்லை. அறைக்குள் போனால் கட்டில் வேறு பக்கமாகக் கிடந்தது. எனக்குக் காற்று வரட்டும் என்று மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என நினைத்து மனம் நெகிழ்ந்தேன். சேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். மேசையில் இருந்த மணிக்கூடு இருபது நிமிடம் பிந்தி ஓடியது. கலியாணத்துக்குக் கிடைத்த புதுக் கைமணிக்கூடு என் கையில் இருக்கும்போது மாமா வீட்டில் நேரம் பிழைக்கலாமா? எடுத்து முள்ளைத் திருகினேன்.

“வைடா அத.”

வாசலில் உலக்கையோடு ஒரு பெண் நின்றார். வைத்தேன்.

“நான் மாப்புள,” என்றேன்.

“ஆர்ட மாப்புள?”

“இஸ்மாயில் மாமாட.”

அவர் கொஞ்சம் யோசித்தார். உலக்கை மட்டும் இறங்கவில்லை. “இது இஸ்மாயில்ட ஊடுதான். நான்தான் அவர்ட பொண்டாட்டி. எங்களுக்குப் பொம்புளப் புள்ளயே இல்ல.”

பிறகு ஒழுங்கை முழுவதும் கேட்க “கள்ளன்” என்று கூப்பிட்டார். பக்கத்து வீட்டில் கதவு சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, ஏதோ பாரமானதை இழுத்து அண்டை கொடுக்கும் சத்தம் கேட்டது. (அது ஜெசீமா. புருஷன் வராமல் பார்த்துக்கொண்டாள்.)

உலக்கைகள் வந்து சூழ்ந்தன. பின்னாலேயே பள்ளியிலிருந்து வீட்டுக்காரரும் வந்தார். தச்சு வேலை செய்பவர். மரம் இழைத்த அந்தக் கை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் விரல்கள் மரத்துப்போயின.

“இந்த ஒழுங்கையில மூணு இஸ்மாயில் இரிக்கி. நீ எந்த இஸ்மாயிலச் செல்றா? பட்டப்பேரச் செல்லு.”

அங்கேதான் அகப்பட்டேன். எங்கள் பக்கத்தில் பட்டப்பெயர் இல்லாமல் ஒரு மனிதனைத் தேடிப் பிடிக்க முடியாது. ஆனால் புது மாப்பிள்ளைக்குத் தங்கள் பட்டப்பெயரை எந்தக் குடும்பம் சொல்லிக்கொடுக்கும்? ஐந்து நாளும் என் காதில் விழாமல் பாதுகாத்திருக்கிறார்கள்.

“தெரியா,” என்றேன்.

“மாமாட பட்டப்பேர் தெரியாத மாப்புளயா?” என்றார் உலக்கைக்காரி. “பக்கத்து ஊட்டுக் கலியாணத்துக்கு நானும் போனனான். அந்த மாப்புள நல்ல வெள்ள.”

(அன்றைக்கு என் முகத்தில் அரை டின் பவுடர்.)

பொலிசுக்குக் கொடுப்போம் என்று பேச்சு எழுந்தது. அடிக்கு நான் பயப்படவில்லை. செய்தி பின்னேர பஸ்ஸில் வரிப்பத்தான்சேனைக்குப் போகும், உம்மா என்ன பாடுபடுவாள், ஜெசீமா இனி நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பாள், ஐந்து நாள் கலியாணம் ஆறாவது நாளைக் காணுமா என்றுதான் பயந்தேன்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் தும்மினார். சாதாரணத் தும்மல் இல்லை. முருங்கையில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. தொடர்ந்து “அல்ஹம்துலில்லாஹ்” என்று ஒரு குரல். என்னைப் பிடித்தவர், உலக்கை தூக்கியவர்கள் எல்லோரும் பழக்கதோஷத்தில், தும்மினவருக்குச் சொல்லும் வாழ்த்தாக, ஒரே குரலில் “யர்ஹமுகல்லாஹ்” என்றார்கள். நானும் சொன்னேன்.

“அதுதான்,” என்றேன், “அந்தத் தும்மல்தான் என்ட மாமா.”

உலக்கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பிறகு மணிக்கட்டு விடுபட்டது.

“தும்மல் இஸ்மாயில்ட மருமகனா? இத முதல்லயே செல்லியிருக்கலாமே மனே,” என்றார் தச்சர்.

வேலிக்கு மேலால் போர்வை சுற்றிய தலையொன்று எட்டிப் பார்த்தது. “ஓம், நம்மட மாப்புளதான். அங்க என்ன செய்றீங்க மருமகன்?” என்றது அது. எனக்கு உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. உலக்கைக்காரி, அதாவது ஹதீசா மாமி, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே என் சேட்டை எடுத்துத் தந்தார். அன்று பின்னேரம் அவர் வீட்டுக் கோழிக்கறி எங்கள் வீட்டுக்கு வந்தது. அதன் பிறகு பல வருடம், “மணிக்கூடு பிந்துது, வந்து பாருங்க மருமகன்,” என்று வேலியால் கூப்பிடுவார்.

அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையில் களவே போகவில்லை. அந்த உலக்கைகளின் கதை உண்மைக் கள்ளன் காதுக்கும் போயிருக்க வேண்டும். ஒழுங்கைக்காரர்கள் நிம்மதியாகப் பள்ளிக்குப் போனார்கள். தும்மல் என்ற பெயரிலிருந்து எங்கள் வீட்டுக்கும் விடுதலை கிடைத்தது.

என் மகளுக்கு மாப்பிள்ளை வந்தபோது நிக்காஹ் முடிந்த கையோடு அவரை ஓரமாகக் கூட்டிப்போனேன்.

“மருமகன், நான் ஒண்டும் மறைக்க மாட்டன். வழி தவறினா ‘மணிக்கூட்டுக் கள்ளன்ட ஊடு’ எண்டு கேளுங்க. கொண்டுவந்து உடுவாங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “தெரியும் மாமா. கலியாணம் பேச வந்த அண்டைக்கும் எங்கட வாப்பா அப்பிடித்தான் கேட்டு வந்த.”