நான் கெட்ட ஒன்பது ஆல்பங்கள்

அச்சகத்திலிருந்து வந்த புத்தகக் கட்டைப் பிரித்ததும் லிஃப்ட் மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். எழுத்து மாறவில்லை. பாடகியின் படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் "நான் கெட்ட ஒன்பது ஆல்பங்கள்" என்று இருந்தது. அதற்குக் கீழே சின்னதாக, "ஒரு ரசிகரின் வழிகாட்டி."

"கேட்டன்னுதானே எழுதிக் குடுத்தீங்க?" என்றாள் மனைவி.

"கேட்டன்னுதான்."

"இதுல கெட்டன்னு இருக்கே."

"எனக்கும் படிக்கத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை காலை மணி ஒன்பது. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த நாட்டுப்புறப் பாடகியின் கச்சேரி. அரங்க வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா கொடுப்பதற்காக நூறு பிரதி அடித்திருந்தார். பாடகி கையிலும் ஒன்றைக் கொடுக்க ஆசைதான். அதற்கு மட்டும் தைரியம் வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டாவது மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர் அவர். எட்டு மாதம் மல்லாந்த படுக்கை. முதல் மூன்று மாதம் யாரோடும் பேசவில்லை. ஒருநாள் மனைவி தலைமாட்டில் போனை வைத்து, கைக்கு அகப்பட்ட பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இந்தம்மா வேற என்னல்லாம் பாடியிருக்காங்க?"

அவள் செருப்பு வாரைப் பிடித்தபடியே வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அந்தப் பாடகி தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடிய ஒன்பது ஆல்பங்கள். லிஃப்டில் எந்த இடத்தில் கோளாறு என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கிறவர் மெக்கானிக். ஏழாவது ஆல்பத்தின் நாலாவது பாட்டில் யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள் என்பது பாடகிக்கே தெரியுமோ என்னமோ, இவருக்குத் தெரியும். நடக்க ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் இப்படி எழுதினார்: முதல் ஆல்பமான 'ஈர விறகு' புகைச்சல் ஜாஸ்தி, கடைசியாகக் கேளுங்கள். புதிதாக வருகிறவர்கள் மூன்றாவதான 'நடுவழிக் கிணற்றில்' இறங்கலாம். அதன் இரண்டாவது பாட்டுத் தாளத்துக்குத்தான் நான் வாக்கரைப் பிடித்து முதல் பத்தடி வைத்தேன். ஐந்தாவது, தூக்கம் வராதவர்களுக்கு. ஒன்பதாவது, மறுபடி வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு. முப்பத்திரண்டு பக்கமும் ஒரு நன்றிக் கடிதம்தான்.

அச்சகத்துக்குப் போன் போட்டார்.

"நீங்கதானே சார் கேட்டங்கறதை கெட்டன்னு மாத்தச் சொன்னீங்க?" என்றார் அச்சகக்காரர்.

"அது ஒரே ஒரு இடத்துல. ஆறாவது ஆல்பத்தால அவங்களுக்குக் கெட்ட பெயர் வந்துச்சு, அது அநியாயம்னு எழுதியிருந்தேன். நீங்க கேட்ட பெயர்னு அடிச்சிருந்தீங்க."

"ஒரு இடத்துல தப்பு இருந்தா மத்த இடத்துலயும் இருக்கும்ல? கம்ப்யூட்டர்ல ஒரே தட்டு. மத்த நாப்பத்திரண்டு இடமும் மாறிடுச்சு." அவர் குரலில் பெருமை இருந்தது.

மனைவி முதல் பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள். "'முதல் நாள் இரண்டு மணி நேரம் கெட்டேன். பிறகு தினமும் கெட்டேன். என் மனைவியும் கெட்டாள். இன்று குடும்பமே இவரால் கெட்டுக்கொண்டிருக்கிறது.'" புத்தகத்தை மூடினாள். "நான் எப்பங்க கெட்டேன்?"

"வேற அடிச்சுக் குடுங்க," என்று மெக்கானிக் போனில் கெஞ்சினார்.

"இன்னிக்கு ஆளே இல்ல சார். எதுக்கு வேற அடிக்கணும்? ஒரு சுழிதானே குறையுது? பேனாவால மேல ஒரு சுழி சுழிச்சா கெட்ட கேட்ட ஆயிடப்போவுது."

கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. நூறு பிரதி, பிரதிக்கு நாற்பத்திரண்டு சுழி. மனைவி தன் தம்பியைக் கூப்பிட்டாள். டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டராக இருக்கிற மச்சினன் எந்த வேலையைக் கொடுத்தாலும் பாதியில் விடமாட்டான். அதுதான் அவனிடம் குறை.

"என்ன மாமா பண்ணணும்?"

"கொம்பு இருக்குல்ல, அதுக்கு மேல ஒரு சுழி."

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மெக்கானிக் ஏழு பிரதி முடித்திருந்தார். மனைவி ஒன்பது. மச்சினன் முப்பத்தி நாலு.

"எப்படிடா?"

"யோசிக்காம போட்டா வேகமா வருது மாமா."

மெக்கானிக் ஒன்றை எடுத்துப் பிரித்தார். மச்சினன் கண்ணில் பட்ட கொம்புக்கெல்லாம் சுழி போட்டிருந்தான். பெரிய பாடகி பேரிய பாடகி ஆகியிருந்தார். அவருடைய மெட்டெல்லாம் மேட்டு. மனசுக்குத் தெம்பு தரும் பாட்டு மனசுக்குத் தேம்பு தந்தது. ஆறாவது ஆல்பத்தால் அவருக்கு வந்தது கேட்ட பேயர்.

"கொம்பு இருக்குற இடம்னுதானே சொன்னீங்க?" என்றான் மச்சினன்.

"சொன்னேன்," என்றார் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்தவனிடம் வேறு என்ன சொல்வது.

அதிகப்படியான சுழிகளை மறைக்க வெள்ளை மை பூசினார்கள். காயுமுன்னே அடுக்கிவிட்டதால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது நாலாவது ஆல்பம் முழுசாக ஐந்தாவதின் முதுகில் போய் உட்கார்ந்துகொண்டது.

"பிழை திருத்தம்னு ஒரு துண்டுச்சீட்டு வெச்சிடலாம்," என்றாள் மனைவி. "கெட்ட என வரும் இடமெல்லாம் கேட்ட எனப் படிக்கவும். அவ்வளவுதானே?"

தெருமுனைக் கடையில் நூறு சீட்டு ஜெராக்ஸ் எடுத்து வந்து, ஒவ்வொன்றாகச் செருகினார்கள். கடைசிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மச்சினன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"மாமா, இந்தச் சீட்டுப்படி பாத்தா ஆறாவது ஆல்பத்துக்கு மறுபடி கேட்ட பெயர் வந்துடுமே."

எந்தப் பிழையைத் திருத்தப் போய் இத்தனையும் ஆரம்பித்ததோ, அந்தப் பிழைக்கே திரும்பி வந்திருந்தார்கள்.

மெக்கானிக் புத்தகங்களைக் கட்டி மேசைக்கு அடியில் தள்ளினார். இடுப்பு வலித்தது. மனைவி காபி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"விடுங்க. நன்றியை அச்சடிச்சுத்தான் சொல்லணுமா? முன் வரிசையில உக்காந்து கைதட்டுவோம். அவங்களுக்குத் தெரியாமலா போகும்?"

அவருக்கும் அது சரியென்றே பட்டது. காபி நன்றாக இருந்தது. எழுந்து நடக்கிற கால், பக்கத்தில் உட்கார ஆள், சாயங்காலம் அந்தக் குரல். இதற்கு மேல் புத்தகம் எதற்கு. காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

மணி நாலரைக்குப் போன் வந்தது. அச்சகக்காரர்.

"சார், ஒரு நல்ல சேதி. நூத்தியோராவதா ஒரு பிரதி எங்கிட்டயே தங்கிடுச்சு. இத்தனை ஆசையா எழுதியிருக்கீங்களேன்னு காலையிலயே அரங்கத்துல கொண்டுபோய்க் குடுத்துட்டேன். மத்தியானம் அந்தம்மா வந்ததும் நேரா கைக்கே போயிடுச்சாம்."

மெக்கானிக்குக் காது அடைத்துக்கொண்டது. "சுழி போட்டீங்களா?"

"நம்ம அச்சுல கை வைப்பேனா சார்?"

சரியாகத் திருத்தின ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மச்சினனின் காரில் கிளம்பினார்கள். டிரைவிங் ஸ்கூல் கார் என்பதால் ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் இருக்கிறவருக்கும் தனித்தனி பிரேக். மச்சினன் விதிப்படி முப்பதுக்கு மேல் போகமாட்டான். பதற்றத்தில் மெக்கானிக்கின் கால் வேறு ஒவ்வொரு திருப்பத்திலும் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தது.

"மாமா, காலை எடுங்க."

"எடுத்துட்டேன்."

"அப்புறம் ஏன் கார் நிக்குது?"

வழியெல்லாம் மன்னிப்பை மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். 'அம்மா, நான் கெட்டவனில்லை, கேட்டவன்.' சொல்லிப் பார்த்தால் அதுவே இன்னும் மோசமாக இருந்தது. எட்டு மாதப் படுக்கையிலிருந்து தூக்கி நிறுத்தின மனுஷிக்கு, உன்னால் குடும்பமே கெட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். கச்சேரி நாளில்.

அரங்கத்துக்குப் பின்பக்கம் ஒரு நீளமான வராந்தா. கடைசிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து அந்தக் குரல். சாதாரணமாகவே உரக்கப் பாடுகிறவர்தான். ஆனால் இது மேசையைத் தட்டித் தட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, சண்டைக்கு நிற்கிற குரல். மெக்கானிக் கையிலிருந்த பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவருக்குத் தெரியாத பாட்டு. ஒன்பது ஆல்பத்திலும் இல்லாத பாட்டு.

"என்ன மாமா?" என்றான் மச்சினன்.

"உஸ்."

கதவு திறந்தது. ஆல்பம் படங்களிலெல்லாம் பாடகிக்குப் பின்னால் நிற்கிற புல்லாங்குழல்காரர் வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். மெக்கானிக் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கைப் பார்த்தார்.

"எழுதினது நீங்களா?"

"ஆமாங்க. அவங்களை ஒரு நிமிஷம் பாக்கணும். கால்ல விழுந்தாவது..."

புல்லாங்குழல்காரர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் அடி விழுமோ என்று மச்சினன் ஒரு எட்டு முன்னால் வந்தான்.

"சார், ரெண்டு வருஷமா அம்மா ஒரு வரி எழுதல. யார் கேக்கறா, யாருக்காகப் பாடறதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க. இதோட நிறுத்திக்கறேன்னு இன்னிக்கு மேடையில சொல்றதா இருந்தாங்க. மத்தியானம் இந்தப் புத்தகம் வந்துச்சு. முதல் பக்கத்தைப் படிச்சாங்க. மூஞ்சி செவந்துபோச்சு. 'என் பாட்டால ஒரு குடும்பமே கெட்டுப்போச்சாமே, இவனுக்குப் பதில் சொல்லாம ஓயமாட்டேன், பேனாவைக் குடு'ன்னாங்க. சாப்பிடக்கூட இல்ல. பத்தாவது ஆல்பத்துக்கு எழுதிட்டிருக்காங்க."

மெக்கானிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் நேர்மையான மனிதர்.

"ஐயா, உள்ளதைச் சொல்லிடணும். அது வந்து... அச்சு..."

புல்லாங்குழல்காரர் சட்டென்று அவர் வாயைப் பொத்தி, கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் காதோரம் குனிந்தார்.

"அச்சுப்பிழைன்னு ரெண்டாவது பக்கத்துலயே கண்டுபிடிச்சுட்டேன் சார். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, இன்னும் ஏழு பாட்டு பாக்கி இருக்கு."