பச்சைப் புள்ளியை நம்பிப் பெண் பார்க்கப் போனேன்

வேலை பார்க்கும் கம்பெனியை, சம்பளம் வரும் என்கிற அளவுக்கு நம்பினால் போதும். நான் அதற்கு மேலும் நம்பித் தொலைத்தேன்.

எங்கள் கம்பெனி புதுச்சேரி டவுனில் சில வீதிகளில் பார்க்கிங் இடங்களுக்கு அடியில் சென்சார் பதித்திருந்தது. வண்டி நின்றால் சிவப்புப் புள்ளி, காலியென்றால் பச்சை. ஆபீஸ் காரின் திரையிலேயே தெரியும். (ஊரெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்தான்.)

அந்தச் சமயத்தில்தான் தரகர் ஒரு இடம் கொண்டுவந்தார். அதற்கு முன்பு வந்த வரன்களெல்லாம் நழுவிப்போயிருந்தன. இதுவும் தட்டிப்போனால் இனி யார் வீட்டுப் படியும் ஏறமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பா பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு மணி என்றால் பதினோரு மணிதான். ஆபீஸ் காரில் ரெட்டியார்பாளையத்திலிருந்து சீக்கிரமாகவே கிளம்பினோம்.

அவர்கள் வீட்டு எண்ணுக்கு நேரே திரையில் சிவப்பு. பக்கத்து வீதியில் பச்சை. போனால், அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அடுத்த பச்சையில் பூந்தொட்டி. அதற்கடுத்ததில் அம்மிக்கல். வீட்டுக்காரர்கள் தங்கள் வாசலுக்குப் பிடித்து வைத்த இடங்கள். இரும்பு இருந்தால்தான் எங்கள் சென்சாருக்குக் கண் தெரியும்.

"எறங்கி அந்த நாற்காலிய நகத்துடா" என்றார் அம்மா.

"வேணாம்மா, பக்கத்துலயே இன்னொரு பச்சை இருக்கு."

அம்மா பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தோணியாரைக் கூப்பிட ஆரம்பித்தார். (தொலைந்த பொருளைத் தேடித் தருபவர். இல்லாத பார்க்கிங்குக்கு அவர் என்ன செய்வார், பாவம்!)

ஒவ்வொரு சுற்றிலும் பெண் வீட்டு வீதி வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. அங்கே வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் வெயிலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"யாருடா அது, நம்மளயே கூப்புடுறாரு?"

"லிஃப்ட் கேப்பாரும்மா. திரும்பிப் பாக்காத."

கடைசியில் அவர் நடுவீதியில் இறங்கிக் காரை மறித்தார். "முசியே, பொண்ணு பாக்க வந்தீங்களா, வீதிய அளக்க வந்தீங்களா?"

'முசியே' என்ற பிரெஞ்சு மரியாதையிலேயே அவர்தான் பெண்ணின் அப்பா என்று தெரிந்துவிட்டது. "சார், உங்க வாசல்ல வண்டி நிக்குதே..."

"அது என்னோட ஓடாத ஸ்கூட்டரு. உங்க காருக்குத்தான் காலையிலேந்து எடம் புடிச்சு வச்சிருக்கேன்!"

ஸ்கூட்டரை அவரே தள்ளி ஓரங்கட்டினார். திரையில் சிவப்பு பச்சையானது. அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"பாருங்க சார், கரெக்டா பச்சை ஆயிடுச்சு!" என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

உள்ளே காபி ஆறிப்போயிருந்தது. பெண் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "மாடியிலேந்து ரெண்டு வீதியையும் பாத்துகிட்டுதான் இருந்தேன். நீங்க ஒருவாட்டிகூட தலைய நிமுத்தல."

இந்த இடமும் போச்சு என்று அவமானத்தோடு வீடு திரும்பினேன். சாயங்காலம் தரகர் போன் செய்து, பெண்ணுக்குச் சம்மதம் என்றார். "அடுத்தவங்க நாற்காலியத் தொடாம சுத்துனாரே, அது போதும்" என்றாளாம். (பெருந்தன்மையெல்லாம் இல்லை. பச்சையை நம்பிய முட்டாள்தனம்.)

கல்யாணம் ஆனதிலிருந்து நான் எதைச் சொன்னாலும் வீட்டில் ஒரே கேள்விதான். பால் தீர்ந்துவிட்டது என்றால்கூட, "நேர்ல பாத்தீங்களா, போன்ல பாத்தீங்களா?" கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

மகள் பிறந்த அன்று, பிரான்சில் மைத்துனர் வீட்டில் இருந்த மாமனாரைக் கூப்பிட்டு, "மாமா, பொண்ணு பொறந்திருக்கா!" என்றேன்.

"சந்தோஷம் மாப்ள. நேர்ல பாத்தீங்களா, போன்ல பாத்தீங்களா?"

போனில்தான். நான் அப்போது ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்கிங் தேடிக்கொண்டிருந்தேன்.