உலக ஷட்டர்

பூதலூர்ப் பக்கம் ஒரு கிளை வாய்க்காலில் மதகு ஷட்டர் துருப்பிடித்து, மூடியபடியே நின்றுவிட்டது. பெரிய வாய்க்காலில் தண்ணீர் நுங்கும் நுரையுமாகப் போக, ராஜாத்தியின் சம்பா நாற்று மஞ்சள் தட்டியது. அவள் மனு கொடுத்தாள். மனு மேலே போனது, இன்னும் மேலே போனது. நாட்டில் அதற்கு மேல் இடமில்லாததால் பன்னாட்டு நெல் நேசக் கூட்டமைப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

அதில் நெல் விளைகிற நாடு, வாங்குகிற நாடு, நெல்லைப் படத்தில் பார்த்த நாடு எல்லாம் சமம். ஓர் உறுப்பினருக்குக் கால் இடறினால் மற்றவர்கள் ஒன்றுகூடி உட்கார்ந்துவிடுவார்கள்.

பிரதிநிதிகள் ஏசி வேன்களில் வந்து இறங்கினார்கள். ஒருங்கிணைப்பாளர் பகலவன் மைக் பிடித்தார்.

"இது இனி உங்க ஷட்டர் இல்லைங்கம்மா. உலக ஷட்டர்."

"சந்தோஷங்க. எப்ப திறப்பீங்க?"

"உலகச் சொத்தை நினைச்சபடி திறக்க முடியாதுங்க. எல்லா நாடும் ஒப்புக்கணும்."

பனி நாட்டுக்காரர், தண்ணீர் ஓடும் என்பதற்கு ஆதாரம் கேட்டார். பாலைவன நாட்டுக்காரர், 'தண்ணீர்' என்ற சொல் தம் மக்களின் மனத்தைப் புண்படுத்துவதாகத் தெரிவித்தார். அது 'ஈரப்பதமுள்ள வாய்ப்பு' என்று ஒருமனதாகத் திருத்தப்பட்டது. எல்லோரும் பிரியாணிக்குக் கலைந்தார்கள்.

ராஜாத்தி நாற்றைப் பார்த்தாள். பக்கத்து வயல்காரர் காத்தானைக் கூப்பிட்டாள். இருவரும் டிராக்டர் ஜாக்கியை முட்டுக்கொடுத்து நெம்ப, ஷட்டர் முனகிக்கொண்டே எழுந்தது.

சாப்பிட்டு வந்த பகலவன் ஓடுகிற தண்ணீரைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

"பாத்தீங்களாம்மா, ஒத்துழைப்போட பலனை."

ஊர் உடனடியாக உறுப்பினராகச் சேர்க்கப்பட்டது. ராஜாத்தி அதன் பிரதிநிதி.

அடுத்த கூட்டம் தஞ்சாவூரில், குளுகுளு மண்டபத்தில் நடந்தது. ஒரு குட்டித் தீவு நாட்டுப் பெண் எழுந்து நின்றாள். பகலவன் மொழிபெயர்த்தார்.

"அவங்க வயல்ல கடல் புகுந்துடுச்சாம். உப்பைத் தாங்குற விதைநெல் கேக்குறாங்க."

அந்த விதை ராஜாத்தி வீட்டுக் குதிரில் நிரம்பக் கிடந்தது. 'நான் தரேன்' என்று சொல்லத்தான் எழுந்தாள். எதிரே அவள் பெயர் எழுதிய பலகை, முந்திரி பக்கோடா, ஊரே பார்க்கும் நேரலைக் கேமரா. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தீவு நாட்டு மக்களோட எங்க ஊரு தோளோடு தோள் நிக்கும். விதை விஷயமா ஒரு துணைக்குழு போடலாமுங்க."

ஊரில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த காத்தான்தான் முதலில் கைதட்டினார்.