தகரத்துக்கு அந்தப் பக்கம்

"மொட்டே இல்லடி! ரெண்டாவது வருஷமா ஒரு மொட்டுகூட இல்ல!"

சலூன்காரர் கொல்லையில் அந்தப் புதர்ச்செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"செடின்னா அப்படித்தாங்க. காப்பி ஆறுது, வாங்க" என்றாள் மனைவி.

"தானா பூக்காம இருக்காது. யாரோ பூக்க விடாம பண்றாங்க." சொல்லும்போதே அவர் பார்வை மதில் சுவரைத் தாண்டியது. அந்தப் பக்கம் தையல்காரர் வீடு.

செடியைத் தேர்ந்தெடுத்தது மகள். கல்யாணமாகிப் போகுமுன் அப்பாவை நர்சரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவருக்குப் பிடித்தது உருண்டையாக, அடக்கமாக இருந்த ஒரு செடி. "இது என்னம்மா, தலை வாராத பிள்ளையாட்டம் இருக்கு?" என்று அவர் முகம் சுளித்ததைத்தான் அவள் எடுத்தாள். "வசந்தம் வந்தா ஊதா ஊதாவா பூத்து வீடே மணக்கும்ப்பா."

போன வசந்தத்தில் போன் செய்தாள். "பூத்துச்சாப்பா?" குரலில் அத்தனை ஆசை. "பூத்துக் குலுங்குதும்மா!" என்று சொல்லிவிட்டார். இந்த வருடம் அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். "அப்ப அடுத்த வசந்தத்துக்கு நேர்லயே வந்து பாக்கறேன்" என்றாள் மகள்.

கவனிப்பில் என்ன குறை? உரம் வைத்தார், தண்ணீர் ஊற்றினார். வருடா வருடம் குளிர் விடுமுன் தன் கையாலேயே செடிக்கு அழகாகக் கிராப்பும் வெட்டிவிட்டார். அந்தச் சமயத்தில் கிளை நுனியெல்லாம் புடைத்துப்போய், வெடித்த முடி மாதிரி கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு தொழில் தெரிந்தவன் சும்மா இருப்பானா?

"இந்தத் தெருவுல கத்திரி பிடிக்கிற கை யாருது, சொல்லுங்க?" என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்டார். காதோரம் கத்திரி ஓடிக்கொண்டிருந்ததால் அவர் வாயைத் திறக்கவில்லை.

"பாத்தீங்களா, உங்களுக்கே தெரியுது. அந்தத் தையல்காரன்தான்!"

தையல்காரர் முடிவெட்ட வந்தபோது பாதியில் கேட்டேவிட்டார்.

"மாப்ளே, என் செடிய நீ ஏதாவது பண்றியா?"

"யோவ், ஊசியில நூல் கோக்கவே கண்ணாடி தேடுறவன்யா நான்!"

"அப்ப கண்ணாடி போட்டுக்கிட்டுப் பண்றே!"

தையல்காரர் பாதித் தலையோடு, கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து போய்விட்டார். அதன்பின் அவர் முடி வெட்டிக்கொள்ளவே இல்லை. ஆத்திரம் வேறு விஷயம்; இன்னொருத்தன் நாற்காலியில் போய் உட்காருவது துரோகம். சலூன்காரரும் கிழிந்த கால்சட்டையை வேறு கடைக்குக் கொண்டுபோகவில்லை. ஊக்கு குத்திக்கொண்டார்.

அடுத்து மதில்மேல் தகரம் ஏறியது.

"கையும் வரக்கூடாது, கண்ணும் வரக்கூடாது" என்று ஆணி அடித்தார். ஒரு கிளை மட்டும் வளைந்து அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. "எதிரிகிட்ட போனது போகட்டும்" என்று விட்டுவிட்டார்.

காற்றடித்தால் தகரம் மேளம் கொட்டியது. மனைவி காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். எது கேட்டாலும், "ஆங்?"

குளிர் முடியப்போகும் நேரம். மகள் வரப்போகிறாளே என்று, இந்தத் தடவை ஒரு நுனி விடாமல் பார்த்துப் பார்த்து வெட்டினார். செடி மாப்பிள்ளை மாதிரி நின்றது.

மகள் வந்தாள். வாசலிலேயே மூக்கை உயர்த்தினாள்.

"அப்பா! வாசனை!"

கொல்லைக்கு ஓடினாள். பின்னால் ஊக்கைப் பிடித்துக்கொண்டு அவர் ஓடினார். செடியில் பச்சை இலை தவிர ஒன்றுமில்லை.

"பூ எங்கப்பா? குலுங்குதுன்னீங்களே?"

அவர் இலைகளை விலக்கி விலக்கித் தேடினார். ஆனால் வாசனை நிஜம். அது தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தார். மாட்டிக்கொண்ட கிளை முழுக்க ஊதாக் கொத்து, இலையே தெரியவில்லை.

"பாத்தியாம்மா! என் பூவ அவன் வீட்டுல பூக்க வெச்சுக்கிட்டான்! டேய் திருட்டுப்பயலே!"

ஊக்கு ஒன்று தெறித்தது. தையல்காரர் ஓடி வந்தார். ஒரு பக்க முடி தோளிலும் மறு பக்க முடி காதிலும் ஆடின.

"அதுக்கு ஒரு சொட்டுத் தண்ணி நான் ஊத்தலய்யா! தொடக்கூட இல்ல!"

"தொடாமயே பூத்துச்சா? உன் தையக்கார மாமா சொல்றதக் கேட்டியாம்மா? என்ன மருந்து வெச்சே, சொல்லுடா!"

கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தையல்காரர் மனைவி, வாயிலிருந்த கிளிப்பை எடுத்தாள்.

"மருந்தும் இல்ல, மாயமும் இல்லண்ணே. உங்க கத்திரி எட்டாத கிளை அது ஒண்ணுதான்."