வீட்டுக்குத்தான் சுகமில்லை

நாரந்தனை,
2025 ஏப்ரல் 19

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மருமகன் கீர்த்திகனுக்கு மாமா தம்பையா எழுதிக்கொள்வது. கால்வலி நீங்கலாக மாமியும் நானும் சுகம், வீட்டுக்குத்தான் சுகமில்லை. நீரும் கஜாலினியும் பேரனும் அங்கே குளிர் தணிந்து நலமாயிருக்க எங்கள் ஊர்ப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர். வாட்ஸ்அப்பில் போட்டால் உமக்கு முன்னரே கஜாலினி வாசித்துவிடுவாள். அதனால்தான் வெள்ளிக்கிழமை கனடாவுக்குப் பறக்கும் அன்ரனிதாஸிடம், பக்கத்து வீட்டு றோஸின் தம்பிதான், இதை உம்முடைய கையிலேயே சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிடப் போகிறேன்.

யூலையில் நீங்கள் பேரனோடு வருமுன் வீட்டை அளந்து பார்க்க நீர் அனுப்பிய றேடன் மானி பத்திரமாக வந்தது. மண்ணிலிருந்து கசிந்து வீட்டுக்குள் தங்கும் வாயு ஒன்று உண்டு, மணமும் இல்லை நிறமும் இல்லை, வருடக்கணக்கில் சுவாசித்தால் நெஞ்சைப் பழுதாக்கும், அதை வீடுகளிலிருந்து வெளியேற்றுவதுதான் மருமகனின் தொழில் என்று மாமிக்கு விளக்கினேன். "நான் இவ்வளவு நாளும் வெறும் காத்தெண்டெல்லோ நினைச்சனான்" என்றவள், வெளிநாட்டுச் சாமான் என்பதால் மானியைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். திறப்பை வாங்க இரண்டு நாள் பிடித்தது. கூட்டுறவுச் சங்கக் கடையில் இருபத்தெட்டு வருடம் மனேஜராக இருந்தவன் நான். சுற்றுநிருபத்தில் உள்ளதை உள்ளபடி செய்து பழகிய ஆள். உம்முடைய கைந்நூலில், மானியை வீட்டின் ஆகக் கீழான மட்டத்தில், நிலவறை இருந்தால் அதற்குள், வைக்கவேண்டும் என்று போட்டிருந்தது. நமக்கு நிலவறை ஏது? பின்வளவில் குண்டுவீச்சுக்குப் பதுங்கிய பங்கர் இருக்கிறது. தொண்ணூறாம் ஆண்டு கஜாலினி நாற்பது நாள் பிள்ளையாக இருந்தபோது சுண்ணாம்புக் கல்லைக் கொத்திக் கொத்தி நானே வெட்டியது. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, பங்கர் மட்டும் அப்படியே இருந்தது. அதை மூடி வாழை வைப்போம் என்று மாமி வருடாவருடம் கேட்பாள். திரும்பத் தேவைப்பட்டால் என்ன செய்வது என்று நானும் வருடாவருடம் சொல்வேன். மானியை அதற்குள் இறக்கி, காற்றுப் புகுந்து கணக்கைக் கெடுத்துவிடாமல் கொங்கிறீற் மூடியையும் இழுத்து மூடினேன்.

அளக்கும்போது வீட்டு யன்னல் கதவுகளைச் சாத்தி வைக்கவேண்டும் என்றும் கைந்நூலில் இருந்தது. பங்குனி வெயிலில் சாத்தினேன். மாமி குசினிக்குள் இருந்து வியர்த்து ஒழுகி என்னைப் பெற்றவர்களையெல்லாம் நினைவுகூர்ந்தாள். பட்டப்பகலில் வீடு பூட்டிக் கிடப்பதைக் கண்ட றோஸ், செத்தவீடு என்று நினைத்து, போத்தல் நிறையத் தேத்தண்ணியோடு ஓடிவந்து, "அண்ணை, ஆர் மோசம் போனது?" என்று கேட்டாள். வாயுவை அளக்கிறோம் என்றேன். அவள் மாமியை ஒரு பார்வை பார்த்தாள், மாமி தலையில் கையை வைத்தாள்.

இரண்டாம் நாள் மானியில் 612. உமக்குத் தொலைபேசியில் சொன்னபோது நீரே திடுக்கிட்டீர். இருநூறுக்குக் கீழே வராவிட்டால் பிள்ளையை அங்கே படுக்கவைக்க ஏலாது, யாழ்ப்பாணத்தில் ஹோட்டல் எடுத்து நின்று பகலில் வந்து போகிறோம் என்றீர். தொழில் தெரிந்தவர் சொல்வது, நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பேரனுக்கு எட்டு மாதம். இதுவரை அவனைப் போனுக்குள்தான் கண்டிருக்கிறேன். யூலையில் வந்தும் அவன் விருந்தாளி மாதிரிக் கதிரையில் இருந்துவிட்டுப் பொழுதுபடப் போய்விடுவான் என்றால் நான் எப்படித் தாங்குவேன்?

ஆகவே நீர் சொன்ன வைத்தியத்தைத் தொடங்கினேன். நிலவெடிப்பெல்லாம் சீமெந்து பூசி அடைத்தோம். மேசன் டிலோனைப் பிடித்து, ஹோலின் சிவப்புச் சீமெந்து நிலத்தைத் துளைத்து, அதிலிருந்து கூரைக்கு மேலே வரை குழாய் ஏற்றி, வாயுவை உறிஞ்ச மின்விசிறியும் பூட்டினோம். பங்கருக்குப் போய்ப் பார்த்தேன், 618. "மனேஜர் ஐயா, ஒரு துளை காணாது போல" என்றான் டிலோன். சாமியறையில் ஒன்று, குசினியில் ஒன்று, எங்கள் அறையில் இரண்டு, பிள்ளை படுக்கப்போகும் அறையில் இரண்டு என்று மொத்தம் ஏழு துளை, ஏழு குழாய். தூரத்திலிருந்து பார்த்தால் வீடு கப்பல் மாதிரி இருக்கிறது. அதற்குள் றோஸ் வேலியால் எட்டி, "உங்கட வீட்டு நஞ்சை என்ர பக்கம் ஊதுறியளோ?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். குழாய் வாய்களை மேற்கே திருப்பினால் கோயிலுக்குப் போகிறவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். கடைசியில் வானத்தைப் பார்க்க விட்டோம். ஒன்றுக்குள் மைனா முட்டையிட்டிருப்பதால் அதன் விசிறியை நிறுத்தி வைக்க மாமி உத்தரவு. இவ்வளவுக்கும் பிறகு, இன்று காலை மானியில் 640.

தம்பி, மனம்விட்டுக் கேட்கிறேன். இந்த எண்ணைக் கஜாலினியிடம் சொல்லவேண்டாம். உம்மைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அவள் கேட்டால் கொஞ்சம் இருமிவிட்டு வேறு கதை கதையும். பேரனுக்கு என் சார்பில் இரண்டு கன்னத்திலும் கொஞ்சி விடும். நீங்கள் மூவரும் குறைவில்லாமல் வாழ்ந்து, நல்லபடியாக வந்து இந்த முற்றத்தில் இறங்க வேண்டும் என்பதே எங்கள் ஒரே ஆசை.

இப்படிக்கு
உமது அன்பு மாமா,
க. தம்பையா

பி.கு. (வியாழக்கிழமை): எழுதிய அன்றே கடிதத்தை மேசையில் விட்டுவிட்டு முகம் கழுவப் போனேன். மாமி வாசித்துவிட்டாள். "இஞ்சேருங்கோ, பிள்ளையைப் பங்கருக்கையோ படுக்க விடப்போறியள்?" என்று கேட்டாள். இல்லை, அறையில்தான் என்றேன். "அப்ப அறையையெல்லோ அளக்கவேணும்!" இருபத்தெட்டு வருடத்தில் சங்கத்திலும் என்னை யாரும் இப்படி மடக்கியதில்லை. அவளே மானியை எடுத்துவந்து பிள்ளையின் அறையில் இரண்டு நாள் வைத்தாள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், 14. ஏழு துளையின் மகிமை என்று நெஞ்சை நிமிர்த்தினேன். மாமி சத்தம்போடாமல் மானியை றோஸ் வீட்டில் ஒரு நாள் வைத்து வாங்கிவந்தாள். ஒரு துளையும் இல்லாத அந்த வீட்டில் 13.

ஆகவே நீர் இருமத் தேவையில்லை. கஜாலினியிடம் எல்லாவற்றையும் சொல்லலாம், துளைகளைத் தவிர. நேற்று இடியோடு மழை கொட்டி ஏழு குழாய்ப் பக்கத்தாலும் தண்ணீர் இறங்கியது. இன்றைக்கு நம் வளவில் ஒழுகாத ஒரே இடம் பங்கர்தான். திங்கட்கிழமை டிலோன் வருகிறான். மைனாக் குழாயைக் குஞ்சு பறந்த பிறகு கழற்றுவான், மற்ற ஆறையும் உடனே. யூலைக்குள் வீடு வீடாகிவிடும், ஹோட்டலை வேண்டாம் என்று சொல்லிவிடும்.

குழாயடிகளில் உடைத்தெடுக்கும் கல்லையும் சீமெந்தையும் பங்கருக்குள் கொட்டி, மேலே மண் போட்டு மூடச் சொல்லியிருக்கிறேன். மாமி, "திரும்பத் தேவைப்பட்டால்?" என்று என் கேள்வியை என்னிடமே கேட்டாள்.

"பேரன் தவழுற வயசு. வளவுக்கை கிடங்கு வைச்சிருக்க ஏலாது" என்றேன்.